நாலாவது தடவையும் புரியவில்லை

மாடிப் போர்ஷனை டாக்டரம்மாவுக்குக் கொடுத்தபோது அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் மோட்டார் ஓடக் கூடாது.

குடியிருக்க அவர் வரவில்லை. பூந்தமல்லியில் பெரிய சாலையை ஒட்டி அவருக்குச் சொந்த வீடு இருந்தது. அங்கே லாரிச் சத்தத்தில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பதிவு செய்ய முடியவில்லை என்று, அமைதியான அறை ஒன்றைத் தேடிப் பாரிவாக்கம் வரை வந்திருந்தார். காலையில் ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு வைத்தியம். வாரம் ஒரு முறை ஒரு டிவி சேனலில் நேயர்களின் கேள்விகளுக்குப் பதில். அது போதாதென்று பெண்களின் உடம்பைப் பற்றித் தானே பேசி, தானே வீடியோ எடுத்து, யூடியூபில் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குத்தான் அறை. புதன்கிழமை மதியமும் ஞாயிற்றுக்கிழமை மதியமும் வருவார்.

எங்கள் தெரு அமைதியானது என்றுதான் நானும் அதுவரை நம்பியிருந்தேன். அவர் வந்த முதல் புதன்கிழமை, மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக் கேட்டபோது பதினேழு வகைச் சத்தம் இருந்தது. பின் போர்ஷன் குக்கர், எதிர் வீட்டு கிரைண்டர், பழைய பேப்பர்காரனின் ஒலிபெருக்கி, திருவேற்காட்டுக்கு ஆள் சேர்க்கும் ஷேர் ஆட்டோ, தென்னை மரத்துக் காக்கை. என் இருமலும் அதில் சேர்த்தி. ஒன்றை அடக்கினால் இன்னொன்று கிளம்பியது. மோட்டாரை நிறுத்தினால் தொட்டி நிரம்பாது, போட்டால் வழிந்துவிடும். இரண்டுமே எனக்குக் கவலை. ஆனால் சுவிட்சுக்குப் பக்கத்தில் காவல் இருந்ததால் ஒரு லாபம் கிடைத்தது. அவர் பேசுவது முழுவதும் என் காதில் விழுந்தது.

எனக்கு எழுபத்து மூன்று வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட், நட் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் பண்ணி இரண்டு பெண்களைப் பெற்று, அவர்களைக் கட்டிக் கொடுத்து, ஐந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்தவன். இத்தனைக்குப் பிறகும், அந்தப் படியில் உட்கார்ந்து கேட்ட விஷயங்களில் பாதிக்கு மேல் எனக்குப் புதிது. பெண்களுக்கு எலும்பு ஏன் சீக்கிரம் தேய்கிறது, ஐம்பது வயதில் ஏன் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறது, சிரித்தால் ஏன் சிறுநீர் கசிகிறது. என் மனைவி ஒரு காலத்தில் மார்கழிக் குளிரில் ஃபேனை ஐந்தில் வைத்ததும், அதற்கு நான் கரண்ட் கணக்குச் சொல்லிச் சண்டை போட்டதும் நினைவுக்கு வந்தன. அவளிடம் போய்க் கேட்டேன்.

"அப்ப உனக்கு அப்படித்தான் கொதிச்சுதா?"

"இப்பதான் கேக்கத் தோணுச்சா?" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

டாக்டரம்மாவின் வேலை முறைதான் என்னை அதிகம் இழுத்தது. வீடியோ எடுத்ததும் அவர் அதைப் போட்டுவிட மாட்டார். மூன்று பெண்களை மாடிக்கு அழைப்பார். என் மனைவி, எதிர் வீட்டு அம்மாள், பின் போர்ஷனில் குடியிருக்கும் பெண். எதிர் வீட்டு அம்மாள் பல தலைமுறையாக இந்த ஊர்க்காரி. ஏரிக்கரையில் நெல் விளைந்த நிலத்தை விற்று மூன்று மாடி கட்டியவள். பின் போர்ஷன் பெண் ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். மூவருக்கும் வீடியோவை ஒரு முறை போட்டுக் காட்டுவார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உங்க தங்கச்சிக்குச் சொல்ற மாதிரி திருப்பிச் சொல்லுங்க," என்பார். யார் எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ அந்த இடத்தை மறுபடியும் பேசிப் பதிவு செய்வார்.

"புரிஞ்சுதான்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதாதா மேடம்?" என்று ஒரு நாள் படியில் வழிமறித்துக் கேட்டேன்.

"அப்படிக் கேட்டா எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சார் சொல்வாங்க," என்றார். "டிவியில நான் மார்புக் கட்டி பத்தி எவ்வளவோ பேசியிருக்கேன். ஒரு அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. உங்க நிகழ்ச்சிய ஒண்ணு விடாம பார்ப்பேன்னாங்க. கையை வெச்சுப் பார்த்தா எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. ஏம்மா, பார்த்தீங்களே, ஏன் வரலைன்னு கேட்டேன். 'நீங்க சொன்னதுலேருந்து இறுக்கமா ஜாக்கெட்டே போடறதில்ல மேடம்'னாங்க. ஜாக்கெட்டைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசினதில்ல."

இது எனக்கு உடனே பிடித்துவிட்டது. எங்கள் பிரிவில் நட்டைக் கையில் எடுத்துப் பார்த்து "நல்லாயிருக்கு" என்று சொல்கிறவனுக்கு மதிப்பில்லை. கேஜ் என்று ஒரு அளவுகோல் உண்டு. ஒரு முனை நட்டுக்குள் நுழைய வேண்டும், மறு முனை நுழையக் கூடாது. நட்டு நல்ல நட்டா என்பதை அதுதான் சொல்லும். டாக்டரம்மாவும் அப்படி ஒரு கேஜ் வைத்திருக்கிறார் என்று தோன்றியது.

அந்தக் கேஜ்களில் சிறந்தது என் மனைவி. எட்டாவது வரை படித்தவள். ஆனால் எதைக் கேட்டாலும் சிந்தாமல் சிதறாமல் திருப்பிச் சொல்வாள். என் தங்கை கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் என்ன குறை சொன்னார்கள் என்பதை இன்றைக்கும் அவர்கள் குரலிலேயே சொல்லக்கூடியவள். அவளுடைய சுருக்குப் பையைத்தான் டாக்டரம்மா கர்ப்பப்பையைக் காட்டப் பயன்படுத்தினார். பையைத் தலைகீழாகப் பிடித்து, சுருக்குக் கயிறு இருக்கிற இடம் வாய், உள்ளே தைத்திருக்கும் துணி கர்ப்பப்பையின் உள் தோல் என்று விளக்குவார். உள்துணி தடித்து, வேண்டாதபோது உரிந்து வெளியே வருவதுதான் மாதவிலக்கு.

முதல் முறை அந்தப் பையைக் கவிழ்த்தபோது இரண்டு கொட்டைப் பாக்கும் ஒரு ஹேர்பின்னும் கீழே விழுந்தனவாம். எதிர் வீட்டு அம்மாளின் சிரிப்பு படி வரைக்கும் கேட்டது.

"யக்கா, உன் கர்ப்பப்பைல பாக்கு கீதே! இன்னாத்துக்கு இத்தினி நாளா ஒளிச்சு வெச்சிக்கினு கீற?"

"உன்னுதத் திறந்தா வெத்தலையே இருக்கும்டி. பேசாம கேளு."

இருவருக்கும் எப்போதும் இப்படித்தான். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. எங்கள் தெரு முனையில் ஒரு சின்ன அம்மன் கோயில். ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்ப்போம். தெருவில் ஆறு கல் அடுப்புக் கூட்டி, பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சுவார்கள். முதல் அண்டாவில் மரத் துடுப்புப் போட்டுக் கிளறுகிறவள், மாதவிலக்கு நின்றுபோன பெண்ணாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தெருப் பழக்கம். அந்த நாள் பார்த்து விலக்காகிவிடும் பயம் இல்லாதவள் என்று அர்த்தம். எட்டு வருஷமாக அந்தத் துடுப்பு என் மனைவியிடம் இருந்தது. பூர்வீகக் குடி தானிருக்க, இடையில் மனை வாங்கி வந்தவள் கையில் துடுப்பா என்று எதிர் வீட்டு அம்மாளுக்கு எட்டு வருஷமாக ஒரு முணுமுணுப்பு. வருஷம் முழுக்க அந்தத் துடுப்பு எங்கள் பரணில்தான் இருக்கும். கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவி, என் மனைவி அதைப் பார்த்துக்கொள்வாள்.

ஆனி பிறந்ததும் டாக்டரம்மா வேகம் காட்டினார். ஆடி வந்துவிட்டால் விடியற்காலையிலிருந்து கோயில் ஒலிபெருக்கி பாடும். ஒரு வரி பதிவு செய்ய முடியாது. அதற்குள் மூன்று வீடியோக்களாவது எடுத்துவிட வேண்டும் என்றார். அதில் முதலாவது, மாதவிலக்கு நின்றுபோன பிறகு வருகிற ரத்தப்போக்கு பற்றியது.

நான் படியில் இருந்து கேட்டேன். விஷயம் கடினமானதாக எனக்குப் படவில்லை. ஒரு வருஷம் முழுவதும் வராமல் நின்றுபோன பிறகு, ஒரு சொட்டு வந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். பெரும்பாலும் அது சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். உள்தோல் மெலிந்திருக்கும், அல்லது சின்னச் சதை வளர்ந்திருக்கும். ஆனால் சிலருக்குப் புற்றுநோயின் முதல் அடையாளமே அதுதான். எது என்று வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பின் போர்ஷன் பெண் ஒப்பித்தாள். எதிர் வீட்டு அம்மாள் தன் பாணியில் சொன்னாள். "பூட்டின கடைலேர்ந்து சத்தம் வந்தா எலியோ திருடனோ, ஷட்டரத் தூக்கிப் பாத்துரணும். இன்னா டாக்டரம்மா, சரியா?" டாக்டரம்மா அதை ரசித்தார். பிறகு என் மனைவியின் முறை வந்தது.

"எனக்குப் புரியலம்மா," என்றாள் அவள்.

"எந்த இடம்?"

"எல்லாந்தான்."

டாக்டரம்மா மறுபடியும் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டினார். புரியவில்லை. அடுத்த புதன்கிழமை இன்னும் எளிதாக, சுருக்குப் பையை மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்டி எடுத்தார். அதுவும் புரியவில்லை. அதற்கடுத்த ஞாயிறு நாலாவது தடவை. ஆஸ்பத்திரி வார்த்தை ஒன்றுகூட இல்லை. அடுப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. நாலாவது தடவையும் என் மனைவி புரியவில்லை என்றாள்.

"உனக்கு இன்னாச்சு யக்கா? எனக்கே பூந்துடுச்சு, உனக்குப் பூரலையா?" என்று எதிர் வீட்டு அம்மாள் கேட்டது காதில் விழுந்தது.

இதுவரை எடுத்த இருபத்திரண்டு வீடியோக்களில் ஒன்றில்கூட அவள் தவறியதில்லை. தைராய்டைப் பற்றிச் சொன்னதை, கழுத்தில் எந்த இடம் என்பது உட்பட, எனக்கே விளக்கியவள். அவளுக்கு வயதாகிவிட்டது, மறதி வருகிறது, இனி கேஸை மூட மறப்பாள் என்று நான் கவலைப்பட ஆரம்பித்தேன். அடுப்பை நானே இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

வேறு சில விஷயங்களும் எனக்குப் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கை என்னையே ஏற்றச் சொன்னாள். முட்டி வலிக்கிறதாம், பூஜை அலமாரிக்கு முன்னால் குனிய முடியவில்லையாம். ஆனால் அதே முட்டியோடு மாடிக்கு ஏறிப் போய்க்கொண்டுதான் இருந்தாள். இன்னொன்று என் வேட்டிகள். ஸ்கூட்டர் துடைப்பதற்கென்று நைந்த வேட்டிகளைப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். ஒன்பது இருந்தன. ஒன்று எடுக்கலாம் என்று ஏறிப் பார்த்தால் ஐந்துதான் இருந்தன. நைந்த வேட்டியை யார் திருடுவார்கள்? யோசித்துப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த ஒரே விடை, டாக்டரம்மா வீடியோவில் பின்னால் தொங்கவிடும் வெள்ளைத் துணி.

புதன்கிழமை அவர்கள் நாலு பேரும் மாடியில் இருந்தபோது நான் ஏறிப் போனேன். ஆண்கள் வரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் அதுவரை அறைக்குள் போனதில்லை. வாசலிலேயே நின்றேன்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. பின்னால மாட்டியிருக்கீங்களே, அது என் வேட்டியா?"

எதிர் வீட்டு அம்மாள் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "அய்ய, இன்னா சாரு நீ! டாக்டரம்மா உன் வேட்டியக் கட்டிக்கினாதான் வீடியோ ஓடுமா?"

டாக்டரம்மாவும் சிரித்தார். "இல்ல சார், இது கடையில வாங்கின திரை. வேணும்னா தொட்டுப் பாருங்க. எத்தனை வேட்டி காணோம்?"

"நாலு மேடம். எல்லாம் நல்லா நைஞ்ச பருத்தி. வேற யாருக்கும் உதவாது. பரண்ல இருந்தது, எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். அவள் மடியில் இருந்த சுருக்குப் பையின் கயிற்றை இறுக்கி, தளர்த்தி, மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சார், கொஞ்சம் மோட்டாரைப் போய்ப் பார்க்கறீங்களா?"

"மோட்டார் ஓடலையே மேடம்."

"பரவால்ல. போய்ப் பாருங்க."

போனேன். ஓடாத மோட்டாரின் பக்கத்தில் நின்றேன். சிறிது நேரத்தில் மற்ற இரண்டு பெண்களும் இறங்கி வந்தார்கள். எதிர் வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவள் அப்படிச் சும்மா போய் நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்ந்தது. நைந்த பருத்தி வேட்டி. வெள்ளிக்கிழமை விளக்கு. நாலு தடவை புரியாமல் போன அந்த ஒரே ஒரு வீடியோ. நாற்பத்தைந்து வருஷம் கூட இருந்தவன், மகள்கள் வயதுக்கு வந்தபோது அவள் பழைய புடவை கிழித்ததைப் பார்த்தவன், இதை ஸ்கூட்டர் துணிக் கணக்கில் சேர்த்திருந்தேன்.

டாக்டரம்மா இறங்கி வந்தபோது, "என்ன மேடம்?" என்றேன்.

"நான் சொல்லக் கூடாது சார். அவங்களைத்தான் கேக்கணும்." ஒரு படி இறங்கி, திரும்பினார். "ஆனா கேளுங்க."

மறுநாள் காலை அவள் முறத்தில் முருங்கைக்கீரையைப் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. டாக்டரம்மாவின் வழியே நல்லது என்று தோன்றியது.

"அந்த நாலாவது வீடியோ. நான் படியிலேர்ந்து கேட்டதுதான், சரியா காதுல விழல. என்ன சொன்னாங்கன்னு திருப்பிச் சொல்லேன்."

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் காம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். பிறகு சொன்னாள்.

"ஒரு வருஷம் வராம நின்னுட்டா, அதுக்கப்புறம் ஒரு சொட்டு வந்தாக்கூட டாக்டர்கிட்ட காட்டணும். வலிக்கலையேன்னு விடக் கூடாது. அதுவா நின்னுடும்னு விடக் கூடாது. நின்னாக் கூடப் போய்க் காட்டணும். முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது. ஆனா இருக்கிறவங்களுக்கு, இதுதான் மொத தகவல். இது வரும்போதே போனா பையோட போயிடும். அப்புறம் போனா பைய விட்டு வெளிய பரவியிருக்கும். இதுல கூச்சத்துக்கும் இடமில்ல, அசுத்தத்துக்கும் இடமில்ல. இது வீட்டுக்குத் தூரம் இல்ல, காயத்துலேர்ந்து வர்ற மாதிரி ரத்தம்."

ஒரு வார்த்தை பிசகவில்லை. டாக்டரம்மா நிறுத்தின இடத்தில் நிறுத்தினாள். கேஜ் சரியாகத்தான் இருந்தது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"சித்திரைலேர்ந்து. வந்து வந்து நின்னுடும்."

"அப்ப ஏன் புரியலைன்னு சொன்னே?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "திருப்பிச் சொல்லிட்டா போகணும் இல்லங்க? சொன்னவளே போகலைன்னா அந்தம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறது? ஆடி முடியட்டும்னு பார்த்தேன். இப்ப போனா படுக்கப் போட்டுடுவாங்க. துடுப்பு கை மாறும். எதுக்குன்னு தெரு முழுக்கக் கேக்கும். அதுக்குள்ள நின்னுடும்னு நெனைச்சேன்."

நான் அவளைத் திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். எதையாவது எண்ணிச் சொல்லித் திட்டுவதுதான் என் வழக்கம். சித்திரை, வைகாசி, ஆனி என்று விரல்கள் மடங்கிவிட்டன. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது, அவளே அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

"சரி, சொல்லித் தொலைச்சிட்டேன்," என்றாள். "அந்தத் துடுப்பை எறக்கிக் குடுங்க."

பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். எனக்கு இருப்புக் கொள்ளாமல் கேட் வரைக்கும் போய் நின்றேன். எதிர் வீட்டு அம்மாள் வாசலில் துடுப்பைப் பார்த்து முதலில் கண்ணை விரித்தாள், பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள்.

"இந்தாடி. இந்த வருஷம் நீ போடு."

"எனக்கு வோணாம். டாக்டரம்மா எங்கள வெளிய அனுப்சப்பவே எனக்குப் புரிஞ்சிது. நான் யாராண்டயும் மூச்சு விடல."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். எத்தனை நாள் ஆவுமோ."

"போய்ட்டு வா யக்கா. வர்ற வரிக்கும் வெச்சிக்கிறேன். நீ மட்டும் வராம பூட்ட, இத்த எடுத்துக்கினு வந்து உன் மண்டையில போடுவேன், சொல்லிட்டேன்."

என் மனைவி சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது என்பது அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஸ்கேனில் உள்தோல் தடித்திருந்தது. மெலிந்திருக்க வேண்டிய வயதில் தடித்திருந்ததால், சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் எண்ணிவிட்டேன். ஜன்னல் கம்பிகள், தரை ஓடுகள், தென்னையில் தொங்கிய காய்கள். அவள் எண்ணவில்லை. மறுபடியும் வெள்ளிக்கிழமை விளக்கை அவளே ஏற்ற ஆரம்பித்திருந்தாள். இது காயத்து ரத்தம் என்றால் விளக்குக்கு என்ன, என்றாள்.

முடிவை டாக்டரம்மா ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோய்தான். ஆனால் முதல் கட்டம், பையை விட்டு வெளியே போன மாதிரி தெரியவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும். அந்த ஆபரேஷன் செய்கிற சர்ஜனிடம் தானே அனுப்புவதாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் பழக்கத்தில் என் மனைவியைப் பார்த்து, "இப்ப நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கம்மா," என்றார்.

அவள் முழுவதும் சொன்னாள். என்னைச் சொல்லச் சொன்னார். எனக்கு முதல் வார்த்தைக்கு மேல் எதுவும் நினைவில்லை. அவரும் அதற்காகக் கோபிக்கவில்லை. எனக்காக இரண்டாவது முறையும், மூன்றாவது முறையும் சொன்னார். மூன்றாவது முறைதான் 'முதல் கட்டம்' என்ற சொல் எனக்குள் போயிற்று.

வெளியே வந்ததும் என் மனைவி கேட்டாள். "பையையே எடுத்துட்டா பாக்கை எங்கங்க வெப்பேன்?"

நடைபாதையில் நின்றிருந்த எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்தேன். அப்படியே அழுதேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆபரேஷன் ஆடி பிறப்பதற்கு முன்பே முடிந்தது. எடுத்ததைப் பரிசோதித்து, நோய் வெளியே பரவவில்லை, மேற்கொண்டு வைத்தியம் வேண்டாம், குறித்த காலத்தில் வந்து காட்டினால் போதும் என்றார்கள். அவள் வீடு திரும்பிய வாரத்தில் டாக்டரம்மா பார்க்க வந்தார். தெரு முனையில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"அம்மா, அந்த வீடியோ நாலும் இன்னும் அப்படியே இருக்கு. எதைப் போடறது? நீங்க சொல்லுங்க."

"மொத தடவையே புரிஞ்சிதும்மா."

"அப்ப மொதல்லது?"

என் மனைவி யோசித்தாள். "இல்ல, நாலாவது போடுங்க. மொத வீடியோ, புரிஞ்சிக்கணும்னு நெனைக்கிறவங்களுக்கு. நாலாவது, என்னை மாதிரி ஆளுங்களுக்கு. அதுக்கு மேல புரியாத மாதிரி நடிக்கவே முடியாது. ரொம்பக் கஷ்டப்பட்டுதான் நடிச்சேன்."

டாக்டரம்மா போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் என் பேச்சைத்தான் திருத்திக்கிட்டு இருந்தேன்," என்றார். "நாலு தடவை எடுத்தேன். ஒரு தடவையாவது உங்களைக் கேட்டிருக்கலாம்." அதன் பிறகு அவர் முறையில் ஒரு மாற்றம் வந்தது. யாராவது புரியவில்லை என்றால், மறுபடியும் எடுக்கக் கிளம்புவதற்கு முன்னால் அவரைத் தனியாக உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் பேசுகிறார். அந்த நேரங்களில் நான் படியில் உட்காருவதில்லை.

ஆடிக் கடைசி ஞாயிறு கூழ் வார்த்தார்கள். அவள் கனம் தூக்கக் கூடாது. எங்கள் கேட்டை ஒட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தோம். முதல் அண்டாவில் எதிர் வீட்டு அம்மாள் துடுப்புப் போட்டாள். அடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இவளைப் பார்த்துக் கத்தினாள்.

"யக்கா, கட்டி தட்டுது. இன்னா செய்யறது?"

"எட்டு வருஷமா வாங்கணும்னு துடிச்சியே, நீயே பாரு! நீர்மாவா கரைச்சு ஊத்துடி. அடிபிடிக்க விடாதே, சுத்திக்கிட்டே இரு."

தூக்குகளும் குண்டான்களுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வரிசையை எண்ணிக்கொண்டு வந்தேன். நாற்பத்தொன்று வரை வந்திருந்தபோது ஒரு பெண் வரிசையை விட்டு விலகி எங்கள் கேட்டுப் பக்கம் வந்தாள். தூக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என் மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினாள். குனிந்து ஏதோ கேட்டாள். என் மனைவியின் கை தானாக இடுப்புக்குப் போய்ச் சுருக்குப் பையை எடுத்தது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, கொஞ்சம் மோட்டாரைப் போய்ப் பாருங்க."

மோட்டார் ஓடவில்லை. தொட்டி காலையிலேயே நிரம்பியிருந்தது. அது அவளுக்கும் தெரியும். வந்தவள் யார் என்று பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. முகத்தைப் பார்த்தால் எந்த வீடு என்று சொல்லிவிடுவேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய், சுவிட்சுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டேன்.